வாசலுக்கு வந்த பாட்டு

(தலைப்பு: திருவருகைக் காலத்தில் மனத்தைப் புதுப்பிப்பது கவிதையா, இசையா, ஓவியமா? ‘இசையே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, இருந்த கைதட்டலை எல்லாம் அள்ளிக்கொண்டு போய், எனக்கு இந்த டம்ளர் தண்ணீரை மட்டும் மிச்சம் வைத்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

முன் வரிசையில் ஒரு அம்மா பக்கத்துல இருக்கிறவங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க: “அது என்னங்க திருவருகைக் காலம்?” மூணு பேர் பேசி முடிச்சாச்சு, அந்த அம்மாவுக்கு யாரும் பதில் சொல்லலை. நான் சொல்றேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால வர்ற நாலு ஞாயிற்றுக்கிழமைகள். நவம்பர் 30-க்குக் கிட்ட வர்ற ஞாயிறு ஆரம்பிக்கும். கத்தோலிக்க சபையில திருவருகைக் காலம்னு சொல்லுவாங்க. எங்க பக்கத்துல, தென்னிந்தியத் திருச்சபையில, ‘அட்வெந்து’. வருகைங்கிற அர்த்தம் உள்ள லத்தீன் வார்த்தையில இருந்து வந்தது.

கல்யாண வீட்டுல பந்தக்கால் நட்டாச்சு, இன்னும் தாலி கட்டலை பாருங்க, அந்த நேரம்தான் இது. ஆனா ஒரு வித்தியாசம். கல்யாண வீட்டுல அந்த நேரத்துல ஓட்டம், சத்தம், சண்டை. இது அடங்கி இருக்க வேண்டிய நேரம். பலகாரம் இல்லை, ஆட்டம் இல்லை. பீடத்துல ஊதா நிறத் துணி. மனசைப் பெருக்கித் துடைச்சு வெச்சுக்கிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கணும். நம்ம ஊர்ல இதே டிசம்பர் பாதியில மார்கழி பிறக்குது. விடியுமுன்ன எழுந்து தோழிகளைத் தட்டி எழுப்பி ஒருத்தருக்காகக் காத்திருந்த ஆண்டாளைத் தெரிஞ்ச ஜனங்களுக்குக் காத்திருக்கிறதைப் பத்தி நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போ வழக்குக்கு வர்றேன். ஓவிய அணி நண்பர் என்ன சொன்னார்? இத்தாலியில புளோரன்ஸ் நகரம், சான் மார்க்கோ மடம். 1440-களில் ஃப்ரா ஆஞ்செலிக்கோ என்கிற துறவி அங்கே சுவர் சுவரா வரைஞ்சு வெச்சிருக்கார். மாடிப்படி ஏறினா மேலே எதிர்ச்சுவரிலே வானதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்ற படம். அந்த அமைதியைப் பார்த்தா மனசு புதுசாகும்னாரு. ஐயா, நான் ஒத்துக்கறேன். புத்தகத்துல அச்சடிச்ச படமாத்தான் பார்த்திருக்கேன்; அதுக்கே பேச்சு நின்னு போச்சு. அந்தத் துறவிகள் ராத்திரி படுக்கப் போகும்போது அதைத் தாண்டித்தான் போகணும். எத்தனை புண்ணியம்!

ஆனா நண்பரே, படத்தைப் பார்க்க நாம போகணும். புளோரன்ஸ் போகணும், விசா வாங்கணும், மாடிப்படி ஏறணும். எங்க அம்மாவுக்கு முட்டுவலி. (சிரிப்பு) பாட்டு அப்படியா? அது நம்ம தெருவுக்கு வரும், நம்ம வாசலுக்கு வரும், கதவைச் சாத்தினாலும் உள்ளே வரும். இந்தக் காலத்தோட பேரே என்ன? வருகை! நாம எங்கேயோ போய்ச் சேர்ற காலம் இல்லை. நம்மைத் தேடி ஒருத்தர் வர்ற காலம். இந்த மூணு கலையில, தேடி வர்ற கலை எது? (கைதட்டல்)

கவிதை அணிச் சகோதரி தேம்பாவணியை எடுத்துக்கிட்டாங்க. இத்தாலியில பிறந்து தமிழ் கத்துக்கிட்டு, 1726-ல வீரமாமுனிவர் பாடினது. 3615 பாட்டு. மரியாளோட கணவர் சூசையப்பரைக் காவியத் தலைவனா வெச்சுப் பாடின பெரிய காரியம். மரியாதை செலுத்துறேன். ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன். இந்த மண்டபத்துல எத்தனை பேர் வீட்டுல அது இருக்கு? இருக்கிற வீட்டுல எத்தனை பேர் பிரிச்சிருக்கோம்? நானும் சேர்த்துத்தாங்க சொல்றேன். தமிழ் டீச்சர் நான். எனக்கே வெட்கமா இருக்கு.

ஆனா தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார்? 1774-ல பிறந்தவர், 1864 வரைக்கும் இருந்தவர். சரபோஜி மன்னரோட கூடப் படிச்சவர். அவரும் கவிஞர்தான், பெத்லகேம் குறவஞ்சி பாடினவர். அவர் பாட்டு எங்க கோவில்ல எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியாத பாட்டிக்கு மனப்பாடம். எப்படி? படிச்சதில்லை, பாடினாங்க! எங்க கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தா பாட்டுக்கு மேலேயே ராகம் இன்னது, தாளம் இன்னதுன்னு போட்டிருக்கும். கவிதைக்குக் கால் முளைக்கணும்னா ராகம் வேணும், சகோதரி.

இன்னொரு சாட்சி. ஆஸ்திரியா தேசத்துல ஜோசப் மோர்னு ஒரு இளம் பாதிரியார். 1816-ல ஒரு கவிதை எழுதினார். ஆறு பத்தி. நெப்போலியன் போர் முடிஞ்சு ஊரெல்லாம் நொந்து கிடக்கிற சமயம். அதுலயும் அந்த வருஷம் கோடையே இல்லாத வருஷம்னு பேரு. இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை 1815-ல வெடிச்ச சாம்பல் வானத்தை மறைச்சு, ஐரோப்பாவுல பயிர் விளையாமப் போச்சு. அப்படிப்பட்ட நாள்ல எழுதின கவிதை என்ன ஆச்சு? ரெண்டு வருஷம் கையெழுத்தாவே இருந்துச்சு. 1818 டிசம்பர் 24. மோர் இப்போ ஓபர்ன்டோர்ஃப்ங்கிற ஊர்ல இருக்கார். பாட்டு வாத்தியாரும் பள்ளிக்கூட ஆசிரியருமான ஃப்ரான்ஸ் க்ரூபர்கிட்ட அதைக் கொடுத்து, கிட்டார்ல பாட ஒரு மெட்டுப் போடுங்கன்னார். அன்னைக்கு ராத்திரியே ரெண்டு பேரும் நின்னு பாடினாங்க. ஆர்கனை எலி கடிச்சிருச்சு, அதனாலதான் கிட்டார்னு ஒரு கதை சொல்லுவாங்க. அது யாரோ பின்னால கட்டி விட்டது, எலி மேல பழி போடாதீங்க. (சிரிப்பு) அந்தப் பாட்டுத்தான் ‘சைலன்ட் நைட்’. ரெண்டு வருஷம் காகிதத்துல கிடந்தது, மெட்டு வந்ததும் உலகம் சுத்த ஆரம்பிச்சுது.

எங்கே வரைக்கும் போச்சு? 1914 டிசம்பர் 24, முதல் உலகப் போர், மேற்குப் போர்முனை. பதுங்குகுழியில ஜெர்மன் சிப்பாய்கள் அதைப் பாடினாங்க. எதிர்ப்பக்கத்துல இங்கிலீஷ்காரங்க கேட்டாங்க, தங்கள் பாட்டைப் பதிலுக்குப் பாடினாங்க. காலையில எழுந்து வந்து கைகுலுக்கினாங்க. எல்லா இடத்திலும் நடக்கலை, போரும் நிக்கலை. ஆனா துப்பாக்கிக் குண்டு மட்டுமே போய்க்கிட்டிருந்த வெளியில முதல்ல நடந்து போனது ஒரு பாட்டு.

“பாட்டால வயிறு நிரம்புமா?”ன்னு நடுவர் ஐயா ஆரம்பத்துல ஒரு கேள்வி போட்டாங்க. ஹாண்டலைச் சாட்சிக்குக் கூப்பிடுறேன். 1737-ல பக்கவாதம் வந்து வலது கை செயல்படாமப் போய்த் தேறி வந்த மனுஷன். 1741 ஆகஸ்ட் 22-ல உட்கார்ந்து 24 நாள்ல ‘மெசையா’வை எழுதி முடிச்சார். அதுல முதல் பாகத்தோட ஆரம்பம், வரப்போகிறவருக்காகத் தீர்க்கதரிசிகள் காத்திருந்த கதைதான், அட்வெந்துக்கு உரியது. 1742 ஏப்ரல் 13, டப்ளின் நகரத்துல அரங்கேற்றம். அது அட்வெந்து இல்லையே, ஏப்ரல் ஆச்சேன்னு எதிரணி கேட்கும். ஆமா, கேளுங்க. ஆனா வசூல் எங்கே போச்சுன்னு சேர்த்துக் கேளுங்க. ரெண்டு மருத்துவமனைக்கு, அப்புறம் கடன் கட்ட முடியாமச் சிறையில கிடந்தவங்களை மீட்கிறதுக்கு. நூத்துக்கும் மேல கைதிகள் கடன் தீர்ந்து வெளியே வந்தாங்க. கூட்டம் தாங்காதுன்னு முன்கூட்டியே ஒரு வேண்டுகோள் விட்டாங்களாம்: பெண்கள் பாவாடைக்கு உள்ளே வளையம் வெச்சு வராதீங்க, ஆண்கள் வாளை வீட்டுல வெச்சிட்டு வாங்க. அப்படி நெருக்கி உட்கார்ந்து 700 பேர் கேட்டாங்க. நம்ம ஊர் டவுன்பஸ்ஸுக்கும் இப்படி ஒரு வேண்டுகோள் விட்டா நல்லா இருக்கும். (சிரிப்பு)

இப்போ ஒரு விஷயம் சொல்லப் போறேன். என் அணித் தலைவரே என்னைக் கோபமாப் பார்க்கலாம். அட்வெந்துல இசையோட பெரிய பாடம், பாடாம இருக்கிறது.

கத்தோலிக்கக் கோவில்ல பொதுவா ஞாயிறுகள்ல வானவர் கீதம் பாடுவாங்க. திருவருகைக் கால ஞாயிறுகள்ல பாட மாட்டாங்க. நிறுத்தி வெச்சிருவாங்க. கிறிஸ்துமஸ் ராத்திரி அது திரும்ப வரும்போது, நாலு வாரம் ஊருக்குப் போயிருந்த பிள்ளை வாசல்ல வந்து நிக்கிற மாதிரி இருக்கும். ஜெர்மனியில லைப்சிக் நகரம், பாஹ் அங்கே 1723-லிருந்து இசைப் பொறுப்பு. முதல் அட்வெந்து ஞாயிறு பாடகர், வாத்தியம் எல்லாம் சேர்ந்த பெரிய இசை உண்டு. அதுக்கப்புறம் மூணு ஞாயிறு அது கிடையாது, அந்த ஊர்க் கோவில் முறை அப்படி. உலகத்துலயே பெரிய இசைக்காரர்களில் ஒருத்தர் கையைக் கட்டிக்கிட்டுக் காத்திருக்கார்! 1734 டிசம்பர் 25 காலையில அவரோட கிறிஸ்துமஸ் இசைநாடகம் ஆரம்பிக்குது. முதல்ல என்ன கேட்கும் தெரியுமா? வயலின் இல்லை, குரல் இல்லை, முரசு. தனியா முரசு மட்டும். மூணு வாரம் வாசல்ல நின்னவன் கதவைத் தட்டுற மாதிரி.

“இசைக்குப் பேச வந்துட்டு மௌனத்தைப் பேசுறீங்களே”ன்னு கேட்கிறாங்க. ஏங்க, தாளம் போடத் தெரிஞ்சவங்க இங்கே இருக்காங்க. ஆதி தாளத்துல தட்டு இருக்கு, வீச்சு இருக்கு. வீச்சுல சத்தம் கிடையாது. கையைத் திருப்பிக் காட்டணும், அவ்வளவுதான். அதை விட்டுட்டா தாளம் போச்சா இல்லையா? ஓவியத்தை ஒரே பார்வையில பார்த்து முடிச்சிரலாம். புத்தகத்துல கடைசிப் பக்கத்தை முதல்லயே திருப்பிரலாம். என் மாணவிகள் அதைத்தான் செய்யுறாங்க. பாட்டை அப்படிப் பாட முடியாது. சரணத்துக்கு முன்னால பல்லவி முடியுற வரைக்கும் எல்லாரும் இருந்துதான் ஆகணும். காத்திருக்கிறதுக்கு அது பழக்கம் கொடுக்குது.

இதை நான் புத்தகத்துல படிச்சு வந்து சொல்லலைங்க.

எங்க ஊரு பாளையங்கோட்டை. அப்பாவுக்குத் தபால் ஆபீஸ்ல வேலை. குரல் கிடையாது. பாடகர் குழுவுல சேர்க்க மாட்டேன்னுட்டாங்க. ஆனா டிசம்பர்ல கேரல் போகும்போது பெரிய டிரம் அவருது. சபையோட டிரம்தான், வருஷம் பூரா எங்க வீட்டுப் பரண்ல இருக்கும், அட்வெந்து ஆரம்பிச்சதும் இறக்கித் துடைப்பார். தாளம்? ஐயோ, அதை மட்டும் கேட்காதீங்க. பாட்டு மூணாவது வரியில போகும்போது அப்பா ரெண்டாவது வரிக்கு அடிச்சுக்கிட்டு இருப்பார். (சிரிப்பு) “உங்கப்பா அடியை வெச்சே எந்தத் தெருவுல வர்றாங்கன்னு சொல்லிரலாம்”னு அம்மா சிரிப்பாங்க.

1988 அக்டோபர்ல அப்பா போயிட்டார். காலையில ஆபீசுக்குப் போனவர், பதினொரு மணிக்குச் செய்தி வந்துச்சு. நான் அப்போ கல்லூரியில ரெண்டாம் வருஷம்.

அடக்கம் முடிஞ்ச அடுத்த ஞாயிறிலிருந்து அம்மா கோவிலுக்கு வரலை. சண்டை போடலை, ஒண்ணும் சொல்லலை, வரலை, அவ்வளவுதான். ஆறுதல் வாசகம் எழுதி நிறைய அட்டை வந்துச்சு. நல்ல நல்ல கவிதைங்க. ரெண்டு வரி படிச்சிட்டு அலமாரியில போட்டாங்க. முன் அறையில ஒரு காலண்டர் படம் சட்டம் போட்டு மாட்டியிருப்போம், நல்ல மேய்ப்பர் ஆட்டுக்குட்டியைத் தோள்ல தூக்கிட்டு நிக்கிற படம். ஒரு நாள் காலேஜ் விட்டு வந்து பார்த்தா, படம் சுவரைப் பார்த்துத் திரும்பி இருக்கு. நான் கேட்கலை, அவங்களும் சொல்லலை.

டிசம்பர் முதல் வாரம் பாடகர் குழுவுல இருந்து ரெண்டு பையன்கள் வந்தாங்க. வாசல்லயே நின்னு தயங்கினாங்க. அம்மா பரணைக் கையைக் காட்டினாங்க. இறக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த இடத்துல தூசியில வட்டமா ஒரு தடம் இருந்துச்சு, அதை அம்மா துடைக்கலை.

எங்க பக்கத்துல துக்க வீட்டுல முதல் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்ட மாட்டோம். கேரலும் அந்த வீட்டுக்கு வராது. டிரம்மை நிறுத்திட்டு, பேசாம வாசலைத் தாண்டிப் போயிருவாங்க. அது மரியாதை. கேரல் வர்ற ராத்திரி அம்மா சாயங்காலமே சொல்லிட்டாங்க, “வெளி லைட்டைப் போடாதே. கதவைச் சாத்து.” சாத்திட்டு இருட்டுல உட்கார்ந்திருந்தோம்.

பதினோரு மணி இருக்கும். தெரு முனையில சத்தம். நடுவர் ஐயா, கண்ணுக்கு இமை இருக்கு, மூடிக்கலாம். காதுக்கு ஆண்டவன் இமை வைக்கலையே! முதல் வீடு, ரெண்டாவது வீடுன்னு டிரம் நெருங்கி வருது. அடிக்கிற பையன் நல்லா அடிக்கிறான், தாளம் சுத்தமா இருக்கு. அதுதான் தாங்க முடியலை. அம்மா கைவிரல் சேலைத் தலைப்பைச் சுத்திச் சுத்தி விடுது. எங்க வீட்டுக்கு முன் வீடு முடிஞ்சுது.

டிரம் நின்னு போச்சு.

செருப்புச் சத்தம் மட்டும் கேட்குது. இருபது பேர் பேசாம நடக்கிற சத்தம். அந்த அமைதியிலதான் அம்மா எழுந்தாங்க. இருட்டுல தட்டுத் தடுமாறிப் போய்க் கதவைத் திறந்தாங்க. டிரம்மு மேல கையை வெச்சு அமுக்கிக்கிட்டுப் பையன் அப்படியே நின்னுட்டான்.

“ஏலே, ஏன் நிறுத்திட்டே?”

அவன் என்ன சொல்வான்? கூட வந்த பெரியவர்தான், “யக்கா… துக்க வீடு. அதான்”னாரு.

“அவுக இருந்தா நிறுத்துவாகளா?”

யாருக்கும் பேச்சு இல்லை. அந்தப் பெரியவர் ஒரு நிமிஷம் யோசிச்சார். மத்த வீட்டுல பாடின ‘பிறந்தார்’ பாட்டை எடுக்கலை. அட்வெந்துக்குன்னு இருக்கிற பழைய கீர்த்தனை, ‘வருவார்’னு பாடுற பாட்டு, அதை மெதுவா எடுத்தார். துக்க வீட்டுல நின்னு எது வந்தாச்சு, எது இன்னும் வரலைன்னு தெரிஞ்சு பாடின மனுஷன். இன்னைக்கு நினைச்சாலும் அவரை நான் கும்பிடுவேன். டிரம் இல்லாம ஒரு சரணம் போச்சு. அம்மா நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. ரெண்டாவது சரணத்துல பையனைப் பார்த்து, “அடி”ன்னாங்க. அவன் அடிச்சான். கை நடுக்கமோ என்னமோ, தாளம் தப்பிருச்சு. ஒரு அடி பிந்தி விழுந்துச்சு.

அம்மா சிரிச்சாங்க. அக்டோபருக்கு அப்புறம் அன்னைக்குத்தான். சிரிச்சிட்டே வாசப்படியில உட்கார்ந்து, அடக்கத்தன்னைக்கு அழாத அழுகை எல்லாம் அழுதாங்க. பாட்டை யாரும் நிறுத்தலை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்க நட்சத்திரம் கட்டலை. ஆனா நாலாவது அட்வெந்து ஞாயிறு அம்மா கோவிலுக்கு வந்தாங்க. கடைசி பெஞ்சு. வாயைத் திறந்து பாடலை. மடியில கை வெச்சு, ரெண்டு விரலால தாளம் போட்டுக்கிட்டே இருந்தாங்க, அப்பா மாதிரியே ஒரு அடி பிந்தி.

வீட்டுக்கு வந்து பார்த்தா முன் அறைப் படம் நேரா இருந்துச்சு. அலமாரியில இருந்த அட்டைங்க அம்மா வேதப்புத்தகத்துக்குள்ள போயிருந்துச்சு. ஓவிய அணி நண்பரே, கவிதை அணிச் சகோதரி, உங்க ரெண்டு பேரையும் நான் வீட்டை விட்டு அனுப்பலை. உள்ளே வந்து உட்காருங்க. ஆனா அன்னைக்கு ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் திறக்க வெச்சது யாருன்னு மட்டும் நடுவர் ஐயா சொல்லட்டும். (நீண்ட கைதட்டல்)

மணியை ரெண்டு தரம் அடிச்சிட்டீங்க, ஐயா. அதுவும் தாளம் தப்பாம அடிக்கிறீங்க. உட்கார்ந்துக்கறேன்.